நான்கு திரைகளில் ஒரு மீன்கொத்தி: குறைந்த வண்ணங்களில் நுணுக்கமான படத்தைச் சட்டையில் அச்சிடுவது எப்படி?

இறகுவரைஞர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் நீர்வண்ணத்தில் வரைந்த வெண்மார்பு மீன்கொத்தியின் படத்தைக் கறுப்புப் பருத்தி டி-ஷர்ட்களில் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில், அதாவது மைக்கு ஒரு வலைத்திரை வைத்து அதன் துளைகள் வழியே மையைத் துணியில் இறக்கி, அச்சிட முயன்றுகொண்டிருக்கிறேன். என்னிடம் இருப்பது கையால் இயக்கும் நான்கு வண்ண அச்சு இயந்திரம். ஆகவே வெள்ளையையும் சேர்த்து எல்லாமே நான்கு திரைகளுக்குள் அடங்கியாக வேண்டும். படத்திலோ செம்பழுப்புத் தலை, வெள்ளைத் தொண்டை, சிவந்த அலகு, வெளிர்நீலத்திலிருந்து ஆழ்நீலம் வரை படிப்படியாக மாறும் சிறகு, அமர்ந்திருக்கும் கிளை, பின்னால் ஒரு பச்சை இலை என்று பன்னிரண்டு வண்ணங்களுக்குக் குறையாமல் இருக்கின்றன.

இதுவரை மூன்று முறை முயன்றேன். முதலில் மென்பொருளிடம் நான்கு வண்ணங்களாகக் குறைக்கச் சொன்னேன். சிறகின் மென்மையான மாற்றம் முழுவதும் போய், பட்டை பட்டையாக வெட்டி ஒட்டியதுபோல் ஆகிவிட்டது. அடுத்து, 160 மெஷ் (வலையின் இழை நெருக்கம்) திரையில் அங்குலத்துக்கு 65 வரிசை என்ற அளவில், பெரிதும் சிறிதுமாக இருந்து நிறத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹாஃப்டோன் புள்ளிகள் வைத்தேன். தொண்டைப் பகுதியில் அலையலையாக ஒரு கோலம் தோன்றியது, வெளிச்சமான இடங்களில் சிறு புள்ளிகள் திரையிலேயே நிற்கவில்லை, அடர்ந்த இடங்கள் முற்றிலும் மூடிக்கொண்டன. மூன்றாவது முறை புள்ளிகளைக் கைவிட்டுக் கோடுகளாக மட்டும் அச்சிட்டபோது, இறகுகளுக்கு இடையே நான் மெனக்கெட்டு வரைந்த கருங்கோடுகள் நீல மையில் மூழ்கிப்போயின.

எந்த நான்கு மைகளைத் தேர்வது, புள்ளிகளை எப்படி நிலைக்கச் செய்வது, அல்லது படத்தையே மாற்றி வரைய வேண்டுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

வண்ணத்தட்டு எழுதுகிறார்:

வணக்கம் நண்பரே. வண்ணப் பிரிப்பு, அதாவது ஒரு படத்தை மைக்கு ஒரு திரையாகப் பிரித்தெடுக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். நீங்கள் பன்னிரண்டு வண்ணங்களையும் பெயர் சொல்லி எண்ணிவிட்டு, அவற்றில் எதை விடுவது என்று யோசிக்கிறீர்கள். அதை ஒரு நாள் தள்ளி வைத்துவிட்டு, படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பறவை அப்போதும் பறவையாகவே தெரிகிறதென்றால், நுணுக்கம் முழுவதும் ஒளிக்கும் நிழலுக்கும் இடையிலான ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது என்று பொருள். அந்த ஏற்ற இறக்கத்தை ஒரே ஒரு திரை, அதாவது மற்ற மைகளுக்கு அடியில் முதலில் அச்சாகும் அடிவெள்ளை, சரியாகத் தாங்கிவிட்டால், மேலே வரும் மைகள் அதற்குச் சாயம் ஏற்றினால் போதும்.

உங்கள் சட்டை கறுப்பு என்பது இங்கே பெரிய வாய்ப்பு. கறுப்பு நீங்கள் திரை செலவிடாமல் பெறும் ஐந்தாவது வண்ணம். நிழல் வேண்டிய இடத்தில் மை இல்லாமல் விட்டால் போதும், துணியே நிழலாகிவிடும்.

நான் இந்தப் படத்தைப் பிரிப்பதாக இருந்தால் அடிவெள்ளை, ஆரஞ்சு கலந்த சிவப்பு, பசுமை சற்றே கலந்த நீலம், கடைசியாக, பளிச்சிடும் இடங்களில் மட்டும் மேலே அடிக்கும் உச்ச வெள்ளை என்ற நான்கை வைத்துக்கொள்வேன். செம்பழுப்பு எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்குத் தனி மை தேவையில்லை. அலகுக்குக் கீழே அடிவெள்ளையை முழுமையாக, 100 சதவீதம் வைத்து மேலே சிவப்பை அடித்தால் ஒளிரும் சிவப்பு கிடைக்கும். அதே சிவப்பை, அடிவெள்ளை முப்பது சதவீதப் புள்ளிகளாக மட்டுமே உள்ள தலைப்பகுதியில் அடித்தால், புள்ளிகளுக்கு இடையே கறுப்புத் துணி சிவப்பை இருளச் செய்து, கண்ணுக்கு அது செம்பழுப்பாகவே படும். நீலத்துக்கும் இதுவே வழி: முழு வெள்ளையின் மேல் வெளிர்நீலம், பாதி வெள்ளையின் மேல் நடுநீலம், வெள்ளையே இல்லாத இடத்தில் கிட்டத்தட்ட இரவு நீலம். ஆனால் மை ஓரளவாவது ஒளி ஊடுருவக்கூடியதாக இருக்க வேண்டும். கறுப்புத் துணியையே முழுதாக மறைக்கும் கெட்டியான மையைப் பயன்படுத்தினால், கீழே வெள்ளை இருப்பதும் இல்லாததும் அவ்வளவாக வேறுபாடு காட்டாது, முறை முழுவதும் பயனற்றுப் போகும்.

அடிவெள்ளையைத் தயாரிப்பதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, அதை நேர்மாறாகத் திருப்பி, வெளிச்சமான இடத்தில் மை அதிகம் விழும்படி செய்வதுதான் வழக்கம். கறுப்பு வெள்ளையாக்கும்போது செறிவான சிவப்பு மிகவும் இருண்ட சாம்பலாக மாறிவிடும். அதை அப்படியே விட்டால் அலகுக்குக் கீழே போதிய வெள்ளை இராது, படத்திலேயே பளிச்சென்று இருக்க வேண்டிய பகுதி மங்கிப்போகும். ஆகவே ஃபோட்டோஷாப்பில் அலகையும் கால்களையும் தனியே தேர்ந்தெடுத்து, அடிவெள்ளைக்கு உரிய சேனலில் கையால் அடர்த்தியை ஏற்றுங்கள். நீலத்துக்கும் ஓரளவு இதே திருத்தம் வேண்டியிருக்கும். எந்த மென்பொருளின் தானியங்கிப் பிரிப்பும் இதை உங்கள் கண் செய்வதுபோல் செய்வதில்லை என்பது என் உறுதியான கருத்து.

உச்ச வெள்ளையில் சிக்கனம் வேண்டும். தொண்டையின் நடுப்பகுதி, கண்ணில் விழும் ஒளிப்பொட்டு, அலகின் மேல்விளிம்பு, சிறகில் வெயில் படும் இரண்டு மூன்று இறகுகள், இவ்வளவே. தொண்டை முழுவதற்கும் உச்ச வெள்ளை அடித்தால் பஞ்சுத் தொண்டை காகிதம் ஒட்டியதுபோல் தட்டையாகிவிடும்.

மெஷ்காரர் எழுதுகிறார்:

மேலே சொல்லப்பட்ட பிரிப்பு முறை எனக்கும் உடன்பாடே. நான் அச்சு மேசையில் நின்று வேலை செய்பவன் என்பதால், உங்கள் இரண்டாவது முயற்சி ஏன் தோற்றது என்பதை மட்டும் விளக்குகிறேன்.

160 மெஷ் என்றால் ஓர் அங்குலத்துக்கு 160 இழைகள். ஓர் இழையின் நடுவிலிருந்து அடுத்த இழையின் நடுவுக்குச் சுமார் 0.16 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 65 வரிசையில் வைத்த 5 சதவீதப் புள்ளியின் விட்டம் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். அதாவது உங்கள் புள்ளி, இழைகளுக்கு இடையே உள்ள தூரத்தைவிடச் சிறியது. அது ஓட்டையின் நடுவில் விழுந்தால் அச்சாகும், இழைகள் குறுக்கிடும் முடிச்சின்மேல் விழுந்தால் அடியோடு மறைந்துபோகும். விழுவதும் மறைவதும் ஒழுங்கான இடைவெளியில் மாறி மாறி நடப்பதுதான் தொண்டையில் நீங்கள் பார்த்த அலைக்கோலம். அதை மொய்ரே என்பார்கள். மெஷ் எண்ணை நான்கரையால் வகுத்தால் வரும் எண்ணுக்கு மேல் வரிசைகளை வைக்கக்கூடாது என்று தொழிலில் ஒரு கணக்கு உண்டு. 160 மெஷ்ஷுக்கு அது சுமார் 35, 230 மெஷ்ஷுக்கு சுமார் 50. நீங்கள் நான்கு திரைகளையும் 230 மெஷ்ஷுக்கு மாற்றி, 45 வரிசையில் நில்லுங்கள். அப்போது 5 சதவீதப் புள்ளியின் விட்டம் 0.14 மில்லிமீட்டராகும், இழை இடைவெளியோ 0.11 ஆகக் குறையும், புள்ளிக்கு நிற்க இடம் கிடைக்கும். 305 மெஷ் இன்னும் நுணுக்கமானதுதான், ஆனால் கையால் அடிக்கும்போது வெள்ளை மையை அதன் வழியே போதுமான அளவு இறக்குவது கடினம்.

புள்ளிகளின் கோணத்தையும் கவனியுங்கள். 0, 45, 90 பாகைகள் இழைகளோடு மோதி அலைக்கோலத்தை வரவழைக்கும். இந்த வகைப் பிரிப்புக்கு நான்கு திரைகளிலும் 22.5 பாகையையே வைத்துக்கொள்ளலாம்.

புள்ளி விரிவு அடுத்த சிக்கல். திரையைத் தயாரிக்கப் பயன்படும் ஃபிலிமில் 50 சதவீதமாக இருக்கும் புள்ளி துணியில் விழும்போது 70 சதவீதம்போல் தெரிவது சாதாரணமாக நடப்பதே. மை அழுத்தத்தில் பரவுவதும், துணி அதை இழுத்துக்கொள்வதும் காரணம். எவ்வளவு விரியும் என்பதை வேறொருவர் உங்களுக்குச் சொல்ல முடியாது. உங்கள் மெஷ், உங்கள் மை, மையை இழுக்கும் உங்கள் ஸ்க்வீஜி, உங்கள் கையின் அழுத்தம் எல்லாம் சேர்ந்து தீர்மானிப்பது அது. ஆகவே மீன்கொத்தியைத் தொடுவதற்கு முன், 5 சதவீதத்தில் தொடங்கி 95 வரை ஏறும் ஒரு புள்ளி ஏணியை ஃபிலிமில் எடுத்து, அதே திரை, அதே மை கொண்டு ஒரு பழைய கறுப்புச் சட்டையில் அடித்துப் பாருங்கள். எந்தப் படியில் புள்ளி நிலைக்கத் தொடங்குகிறது, எந்தப் படியில் மூடிக்கொள்கிறது, நடுப்படி எவ்வளவு ஊதுகிறது என்ற மூன்றும் தெரிந்துவிட்டால், ஃபோட்டோஷாப்பின் கர்வ்ஸ் கருவியில் படத்தை அதற்கேற்ப முன்கூட்டியே தளர்த்திவிடலாம். இந்த ஒரு மணி நேர வேலையைத் தவிர்ப்பவர்கள், அதற்குப் பதிலாகப் பல திரைகளை வீணாக்குவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

சிறு புள்ளிகள் திரையிலேயே நிற்கவில்லை என்றீர்கள். மெஷ் ஒரு காரணம்தான், திரையில் பூசி ஒளியால் இறுகச் செய்யும் எமல்ஷனுக்கு ஒளி காட்டும் நேரமும் அதில் சேரும். ஒளி குறைந்தால் எமல்ஷன் முழுதாக இறுகாமல், கழுவும்போது நுணுக்கமான பகுதிகள் கரைந்து ஓடும். ஒளி கூடினால், ஃபிலிமின் கருப்புப் புள்ளிக்கு அடியிலும் ஒளி பக்கவாட்டில் புகுந்து, திறந்திருக்க வேண்டிய சிறு துளைகளை அடைத்துவிடும். வெள்ளை மெஷ் ஒளியைச் சிதறடிக்கும், மஞ்சள் மெஷ் அதைக் கட்டுப்படுத்தும். ஆகவே நுண்புள்ளி வேலைக்கு மஞ்சள் மெஷ்ஷே ஏற்றது. ஃபிலிமின் மை படிந்த பக்கம் எமல்ஷனைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், இடையே காற்று புகக்கூடாது. ஃபிலிமில் கறுப்பு உண்மையிலேயே ஒளி புகாத கறுப்பாக இருக்கிறதா என்று விளக்கின்முன் பிடித்துப் பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக: திரை தொய்வில்லாமல் இழுத்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும், துணிக்கும் திரைக்கும் இடையே சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளி போதும், 70 கடினத்தன்மை கொண்ட, விளிம்பு மழுங்காத ஸ்க்வீஜி வேண்டும். அடிவெள்ளையை, மேலிருந்து சூடு காட்டும் பிளாஷ் உலர்த்தியில் விரலில் ஒட்டாத அளவுக்கு மட்டும் காய வையுங்கள். அதையே முழுதாகச் சுட்டுவிட்டால் மேல்மை சரியாகப் பிடிக்காது. பிறகு சிவப்பையும் நீலத்தையும் ஈரத்தின் மேல் ஈரமாக அடித்து, உச்ச வெள்ளையோடு முடித்து, சூட்டில் இறுகும் வழக்கமான பிளாஸ்டிசால் மை என்றால் மைப்படலம் முழுவதும் 160 பாகை செல்சியஸை எட்டும்படி சுட்டெடுங்கள்.

கட்டப்புள்ளி எழுதுகிறார்:

ஹாஃப்டோனைத் தவிர இன்னொரு வழியும் இருக்கிறது என்பதைக் கேள்வியாளர் அறிந்திருப்பது நல்லது. இண்டெக்ஸ் பிரிப்பில் புள்ளிகள் எல்லாம் ஒரே அளவுள்ள சிறு சதுரங்கள். அடர்த்தி கூடக் குறையப் புள்ளியின் அளவு மாறுவதில்லை, எத்தனை சதுரங்கள் எங்கே சிதறியிருக்கின்றன என்பதே மாறுகிறது. வரிசையும் கோணமும் இல்லாததால் அலைக்கோலம் தோன்ற வழியில்லை. ஒவ்வொரு சதுரத்திலும் ஒரே ஒரு மைதான் விழும் என்பதால், மேல்மைகள் ஒன்றோடொன்று கலந்து கலங்குவதும் இல்லை. படத்தை உண்மையான அச்சளவில், அங்குலத்துக்கு 170 முதல் 200 பிக்சல் என்று வைத்து, ஃபோட்டோஷாப்பில் நான்கு வண்ணங்களை நீங்களே தேர்ந்து கொடுத்து, சதுரங்களைச் சிதறவிடும் டிஃப்யூஷன் முறையில் மாற்றினால் பிரிப்பு முடிந்தது.

ஆனாலும் இந்தப் படத்துக்கு நான் இதை முதல் தேர்வாகச் சொல்லமாட்டேன். இண்டெக்ஸ் அழகாக வர ஆறு அல்லது எட்டு மைகளாவது வேண்டும். நான்கில் செய்தால் மணல் தூவியதுபோன்ற சொரசொரப்பு வெளிப்படையாகத் தெரியும். பழைய சுவர், பாறை, மரப்பட்டை போன்றவற்றுக்கு அந்தச் சொரசொரப்பே அழகு சேர்க்கும். மீன்கொத்தியின் வழவழப்பான நீலத்துக்கு அது பொருந்தாது.

இறகுவரைஞர் மீண்டும்:

இவ்வளவு பொறுமையாக விளக்கிய மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. நான்கு திரை என்றவுடன் நண்பர் ஒருவர், காகித அச்சில் செய்வதுபோல் நீலப்பச்சை (சயான்), செங்கருநீலம் (மெஜந்தா), மஞ்சள், கறுப்பு என்ற நான்கில் எல்லா வண்ணங்களையும் வரவழைக்கலாமே என்றார். அது இங்கே பொருந்துமா? மேலும், நீங்கள் சொன்ன மைகளில் பச்சை இலைக்கு இடமே இல்லையே?

வண்ணத்தட்டு:

காகித அச்சின் நான்கு மைகளும் ஒளி ஊடுருவும் மைகள். கீழே வெண்மை இருந்தால்தான் அவை வண்ணமாகத் தெரியும். கறுப்புத் துணியில் முதலில் முழு வெள்ளை அடித்தாக வேண்டும், அப்போதே திரை ஐந்தாகிவிடும். வெள்ளைச் சட்டையில் அந்த முறை சாத்தியமே. அங்கும் புள்ளி சிறிது விரிந்தாலே நிறமே திரிந்துவிடும் என்பதால், கை அச்சில் முதல் சட்டையும் ஐம்பதாவது சட்டையும் ஒரே நிறத்தில் வருவது அரிது.

இலையைப் பொறுத்தவரை உங்கள் முன் ஒரு தேர்வு இருக்கிறது. உச்ச வெள்ளையை விட்டுவிட்டு அந்தத் திரையில் மஞ்சளை ஏற்றினால், நீலமும் மஞ்சளும் சேர்ந்து பச்சை தரும், சிவப்போடு சேர்ந்து கிளைக்கு நல்ல மரநிறமும் கிடைக்கும். அப்படிச் செய்தால் தொண்டையின் வெண்மை அடிவெள்ளையை மட்டுமே நம்பியிருக்க வேண்டும். அதன்மேல் இரண்டு மூன்று திரைகள் அழுந்தி எழும்போது வெண்மை சற்று மங்கும். இது வெண்மார்பு மீன்கொத்தி, அதன் மார்பு மங்குவதைவிட இலை பச்சையாக இல்லாமல் போவது மேல் என்றே நான் நினைக்கிறேன். இலையை 25 சதவீத அடிவெள்ளையும் அதன்மேல் மெல்லிய நீலமுமாக அச்சிட்டால், அது பின்னால் நிற்கும் நிழலிலையாக மாறி, பறவையை முன்னே தள்ளிக் காட்டும்.

நுண்கோடு எழுதுகிறார்:

மூன்றாவது முயற்சியைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. நான் சட்டைகளுக்காகவே படம் வரைபவள் என்பதால் அதைச் சொல்ல விரும்புகிறேன்.

காகிதத்தில் கருங்கோடு என்பது நீங்கள் இழுத்த மை. கறுப்புச் சட்டையில் அதே கருங்கோடு, மை விழாமல் விட்ட இடைவெளி. மை எப்போதும் வெளிப்புறமாகப் பரவும் என்பதால், அச்சாகும் கோடு தடிக்கும், விட்ட இடைவெளி ஒடுங்கும். ஆகவே இரண்டுக்கும் ஒரே தடிமன் வைக்க முடியாது. அச்சாகும் கோடு 0.35 மில்லிமீட்டர் இருந்தால் பெரும்பாலும் நிற்கும், இடைவெளியாக விடும் கோட்டுக்கோ 0.5 முதல் 0.7 வரை தேவைப்படும். உங்கள் இறகுக்கோடுகள் மூழ்கியதற்குக் காரணம் இதுவே. அடிவெள்ளைத் திரையில் அந்த இடைவெளி நீலத் திரையில் உள்ளதைவிடச் சற்று அகலமாக இருக்கட்டும். திரைகளின் பொருத்தம் மயிரிழை தவறினாலும் நீலத்தின் ஓரத்தில் வெள்ளை எட்டிப் பார்க்காது.

படத்தை மாற்றி வரைய வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில், ஓரளவுக்கு ஆம் என்பது. சிறகின் நீல மாற்றத்தைப் புள்ளிகளுக்கு விடுங்கள். தலையையும் மார்பின் ஓரத்தையும், தூவி வளரும் திசையிலேயே ஓடும் சிறுகோடுகளால் மறுபடி வரையுங்கள். வெளிச்சத்தில் தடித்து நெருங்கியும் நிழலில் மெலிந்து விலகியும் போகும் கோடுகள், புள்ளிகள் செய்யும் அதே வேலையைச் செய்யும், அவற்றில் வரைந்தவரின் கையும் தெரியும். நீர்வண்ணத்தின் ஒவ்வொரு கசிவையும் துணியில் மீட்க முயல வேண்டாம். சட்டையை மற்றவர் கையெட்டும் தூரத்திலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோதான் பார்க்கிறார்கள். உங்கள் படத்தை அச்சளவில் காகிதத்தில் எடுத்துச் சுவரில் ஒட்டி, நான்கு அடி விலகி நின்று, கண்ணில் படாதவற்றையெல்லாம் நீக்கிவிடுங்கள்.

இறகுவரைஞர், பத்து நாட்களுக்குப் பிறகு:

எல்லோர் சொன்னதையும் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் புள்ளி ஏணி. 230 மெஷ், 45 வரிசை, 22.5 பாகை. என் மேசையில் 5 சதவீதப் புள்ளிகள் ஆங்காங்கே விடுபட்டன, 8 சதவீதத்தில் உறுதியாக நின்றன. 85க்கு மேல் எல்லாம் ஒரே வெள்ளையாக மூடிக்கொண்டது. 50 சதவீதப் படி, கண்ணுக்கு முக்கால் பங்குபோல் தெரிந்தது. ஒளி காட்டும் நேரத்தை ஐந்து படிகளாகப் பிரித்துச் சோதித்ததில், நான் இதுவரை தேவையைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிக நேரம் காட்டிவந்திருக்கிறேன் என்பதும் தெரிந்தது.

பிறகு தலையைக் கோடுகளால் மறுபடி வரைந்து, வண்ணத்தட்டு ஐயா சொன்ன நான்கு மைகளில் அச்சிட்டேன். அடிவெள்ளையை மட்டும் அடித்து உலர்த்தி எடுத்தபோதே, வண்ணம் எதுவும் இல்லாமல், சட்டையில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்த கணத்தில்தான் முதல் பதிலில் சொல்லப்பட்டது எனக்கு முழுதாக விளங்கியது. முதல் சட்டையில் தலை செம்பழுப்பாக இல்லாமல் வெறும் சிவப்பாக வந்தது. 30 சதவீத அடிவெள்ளை துணியில் விரிந்து பாதிக்கு மேல் ஆகியிருந்தது. அதை 18 ஆகக் குறைத்துப் புதிதாக ஃபிலிம் எடுத்ததும் நிறம் சரியான இடத்தில் வந்து நின்றது. அலகுக்கு வெள்ளையைக் கையால் ஏற்றியது மிகப் பெரிய வேறுபாட்டைத் தந்தது. இலை நிழலாகவே இருக்கிறது, அது எனக்கு நிறைவாகவே இருக்கிறது.

ஒரே ஒரு குறை மீதம் உள்ளது. பன்னிரண்டு, பதிமூன்று சட்டைகள் அடித்தபின் நீலத் திரையின் அடியில் சிவப்பு மை ஒட்டிச் சேர்ந்து, வாலின் ஓரம் கலங்குகிறது. இப்போதைக்குப் பத்துச் சட்டைக்கு ஒருமுறை அடிப்புறத்தைத் துடைத்துக்கொள்கிறேன்.

மெஷ்காரர்:

மகிழ்ச்சி. படத்தில் எது குறைந்த இடத்தை நிரப்புகிறதோ அந்த மையை முதலில் அடிப்பது நல்லது. உங்கள் படத்தில் அது சிவப்புதான், வரிசை சரியாகவே இருக்கிறது. சிவப்பை ஒரே இழுப்பில் நிறுத்திப் பாருங்கள். இரண்டாவது இழுப்பில் மேலே தேங்கும் மைதான் அடுத்த திரையில் ஒட்டுகிறது. அதற்கும் அடங்கவில்லை என்றால், சிவப்புக்குப் பிறகு பிளாஷை ஓரிரு நொடிகள் மட்டும் காட்டிவிட்டு நீலத்துக்குப் போங்கள்.